கண்ணுக்குத் தப்பும் பத்தில் ஒரு நொடி: ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் காணொளி

கோலாலம்பூரின் பல ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில் இன்று ஒரு முக்காலி நிற்கிறது, அதன்மேல் ஒரு கைப்பேசியோ டேப்லெட்டோ. பிள்ளை வால்டில், அதாவது ஓடி வந்து ஒரு மேசையில் கை ஊன்றித் தாண்டும் பயிற்சியில், குதித்து விழுகிறாள். பயிற்றுநர் அதை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார். தான் விழுந்ததைப் பிள்ளை இன்னொரு முறை பார்க்கிறாள். அடுத்த முறையும் அப்படியே விழுகிறாள். கருவி ஒழுங்காக வேலை செய்தும் பயிற்சி இருந்த இடத்திலேயே நிற்கிறது. விழுந்த கணத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் இதற்குக் காரணம். அவளை விழ வைத்தது அதற்கு அரை நொடி முன்பே நடந்து முடிந்துவிட்டது.

பாதம் தரையை விட்ட கணத்தில், அல்லது கை மேசையை விட்ட கணத்தில், உடலின் நிறை மையம் எந்தப் பாதையில் போகும், எவ்வளவு உயரம் ஏறும், உடலுக்குள் எவ்வளவு கோண உந்தம் (சுழல வைக்கும் உந்தம்) இருக்கும் என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. காற்றில் இருக்கும்போது பிள்ளையால் மாற்ற முடிவது தன் உடலின் வடிவத்தை மட்டுமே. முழங்காலை இழுத்துச் சுருண்டால் சுழற்சி வேகமாகும், நீட்டினால் மெதுவாகும். புதிதாக உயரம் கிடைக்காது, புதிதாகச் சுழற்சி உந்தமும் கிடைக்காது. ஆகவே தரையிறங்கும்போது தெரியும் பிழைக்கு, அதற்கு முந்தைய தொடுகையில்தான் மருந்து தேட வேண்டும்.

அந்தத் தொடுகை மிகக் குறுகியது. மேசைக்கு முன்னால் உதைத்து எழும் துள்ளுபலகையான ஸ்பிரிங் போர்டின் மேல் பாதம் இருப்பது ஏறக்குறைய 0.1 முதல் 0.13 நொடி. ரவுண்ட்ஆஃப் (பாதி திரும்பிக் கை ஊன்றித் தாண்டுவது), பிளிக் (பின்னோக்கிக் கை ஊன்றிப் புரள்வது) முடித்து டக்குக்காக (சுருண்டு போடும் கரணம்) தரையை உதைத்து எழும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வால்ட் மேசையின் மேல் கை சற்றே கூடுதல் நேரம் இருக்கும். எவ்வளவு அனுபவம் உள்ள பயிற்றுநரானாலும் இந்தப் பத்தில் ஒரு நொடிக்குள் இடுப்பு எங்கே இருந்தது, தோள் முன்னே சாய்ந்ததா, முழங்கை மடிந்ததா என்று கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. மற்றதையெல்லாம் நல்ல கண் பார்த்துக்கொள்ளும். கேமரா தன் செலவுக்கு ஈடுகட்டுவது இந்த இடத்தில்தான்.

எத்தனை பிரேம் வேண்டும்?

சாதாரணக் காணொளியில் நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனிப் படம். போர்டின் மேல் நடப்பதில் அதிகம் போனால் 3 அல்லது 4 படம் கிடைக்கும். பாதம் போர்டைத் தொட்ட கணம் இரண்டு பிரேமுக்கு நடுவே விழுந்து காணாமல் போவதும் உண்டு. நொடிக்கு 60 வைத்தால் 6 முதல் 8 படம், 120 வைத்தால் 12 முதல் 16, 240 வைத்தால் 24 முதல் 31. பீம் என்ற ஒடுங்கிய கட்டையின் மேல் சமநிலை, ஹேண்ட்ஸ்டேண்ட் (தலைகீழாகக் கையில் நிற்பது) நிறுத்தம், நடன அசைவு இவற்றுக்கு 60 தாராளமாகப் போதும். வால்ட், தரையில் டம்ப்ளிங் (தொடர் கரணங்கள்), பாரில் (கம்பியில்) கைவிடும் அசைவுகள் இவற்றுக்கு 120 குறைந்த அளவு, 240 நல்லது.

காலத்தை அளந்து உயரம் கணக்கிட விரும்புவோருக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிது. பாதம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரை 0.8 நொடி என்றால், ஈர்ப்பு முடுக்கத்தை அந்த நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 78 செ.மீ. வரும். 30 பிரேமில் ஒரே ஒரு பிரேம் தவறாக எண்ணினால் விடை 6 அல்லது 7 செ.மீ. மாறிவிடும். 240-இல் அதே தவறு 1 செ.மீ.க்கும் குறைவு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புறப்படும்போது உடல் நீண்டிருக்கும், தரையிறங்கும்போது முழங்கால் மடிந்திருக்கும். அதனால் இந்தக் கணக்கு எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஒரே பிள்ளையின் இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிட இது உதவும். இரண்டு பிள்ளைகளை ஒப்பிட உதவாது.

பிரேம் எண்ணிக்கை கூடினாலும் படம் மங்கலாக இருந்தால் பயனில்லை. வால்டுக்கு நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் பிள்ளை, ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், ஒரே படத்துக்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடுகிறாள். ஷட்டர் 1/1000 என்றால் நகர்வு 6 மில்லிமீட்டர்தான். பாரில் ஜயண்ட் (உடலை நீட்டி முழு வட்டம்) சுழலும்போது கீழ்ப்பகுதியில் பாதம் அதைவிட வேகமாகப் போகும். கைப்பேசியின் ப்ரோ முறையில் ஷட்டரை வால்டுக்கு 1/500, பாருக்கு 1/1000 என்று கையால் வைக்கலாம். தானாக விட்டால் மங்கிய வெளிச்சத்தில் அது ஷட்டரை நீளமாகத் திறந்து வைத்துவிடும்.

வெளிச்சத்தில்தான் நம் ஊர்க் கூடங்கள் அதிகம் சறுக்குகின்றன. தகரக் கூரை போட்ட தொழிற்பேட்டைக் கட்டடம், உயரத்தில் பழைய விளக்குகள், மாலை ஏழரைக்கு மேல் வெளியே இருட்டு. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய குழல் விளக்குகளும் மலிவான எல்ஈடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்கு அது தெரியாது. 240 பிரேமில் எடுத்தால் படம் துடிதுடித்து, பட்டை பட்டையாகக் கறுத்து வெளுக்கும். எடுக்கும் வேகத்தை 100 அல்லது 200 பிரேமாக வைக்க முடிகிற கேமராவில் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் அமைப்பு உள்ள ஆக்ஷன் கேமராக்களில் அந்த வேகங்கள் கிடைக்கும். இல்லையென்றால் மினுக்காத எல்ஈடி ஃபிளட் விளக்கு இரண்டை வாங்கி, வால்ட் மேசைக்கும் போர்டுக்கும் நேராக மாட்டலாம். வாங்கும் முன் கடையிலேயே கைப்பேசியை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கை நோக்கிப் பத்து நொடி எடுத்துப் பாருங்கள். துடித்தால் அந்த விளக்கு வேண்டாம். புதுக் கைப்பேசி வாங்க லோ யாட் பிளாசாவுக்கு ஓடுவதற்கு முன், இருக்கிற கைப்பேசிக்கு விளக்குப் போட்டுப் பாருங்கள் என்பதே எங்கள் முதல் பரிந்துரை.

பகலில் உருட்டுக் கதவைத் திறந்து வைத்தால் நல்ல வெளிச்சம் வரும். ஆனால் கேமராவின் முதுகு கதவுப் பக்கம் இருக்க வேண்டும். கதவை நோக்கி எடுத்தால் பிள்ளை கறுத்த நிழலாகத்தான் தெரிவாள், முழங்கால் மடிந்ததா என்பது கூடத் தெரியாது. நான்கு மணி மழைக்கு வானம் இருண்டால் தானியங்கி வெளிச்ச அளவு மாறி, ஒரு வகுப்புக்குள்ளேயே படங்கள் வேறுபடும். அதனால் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும்.

கேமரா நிற்கும் கோணம் புள்ளியையே மாற்றிக் காட்டும்

ஒரு எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்க்கலாம். பெண்களுக்கான அன்ஈவன் பார்ஸில் (உயரம் வேறுபட்ட இரு கம்பிகள்) காஸ்ட் செய்து, அதாவது கம்பியிலிருந்து காலைப் பின்னே வீசி எழும்பி, ஹேண்ட்ஸ்டேண்டுக்குப் போகும்போது, செங்குத்திலிருந்து 10 பாகைக்குள் முடித்தால் புள்ளிக் கழிவு இல்லை. 10-க்கு மேல் 30 வரை 0.10, 30-க்கு மேல் 45 வரை 0.30, அதற்கும் மேல் 0.50. பிள்ளை உண்மையில் 12 பாகை சாய்வில் முடிக்கிறாள் என்று வைப்போம். நடுவர் 0.10 கழிப்பார். அசைவு நடக்கும் தளத்துக்குச் செங்குத்தாக, அதாவது பாரின் நீட்சிக்கோட்டில், கேமரா இருந்தால் படத்திலும் 12 பாகை தெரியும். இடமில்லை என்று கேமராவை 45 பாகை திருப்பி மூலையில் வைத்தால், கிடைமட்ட நீளம் குறுகி, அதே சாய்வு எட்டரை பாகையாகத் தெரியும். கழிவே இல்லை என்று பயிற்றுநரும் பிள்ளையும் நம்பி வீட்டுக்குப் போவார்கள்.

பீமில் பிளவுத் தாவலுக்கு இதே மூலை எதிர்மாறாக வேலை செய்யும். 180 பாகை வேண்டிய இடத்தில் பிள்ளை 160 திறக்கிறாள், இரண்டு காலும் கிடைமட்டத்துக்கு 10 பாகை கீழே. குறை 20 பாகைக்குள் இருப்பதால் கழிவு 0.10. மூலையிலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு காலும் 14 பாகை கீழே இருப்பதாகத் தெரியும், பிளவு 152 என்று வரும். 0.30 கழிவுக்குரிய தாவல் என்று நினைத்து, நன்றாக வளரும் பிள்ளையை இன்னும் நீட்டச் சொல்லித் தசையைக் காயப்படுத்துவது இப்படித்தான் நடக்கிறது. ஒரே தவறான இடம் ஹேண்ட்ஸ்டேண்டை அழகாகவும் தாவலைக் குறையாகவும் காட்டுகிறது. அளவு எடுக்கும் எண்ணம் இருந்தால் கேமரா பக்கவாட்டில், நேர் செங்குத்தில் இருந்தே ஆக வேண்டும்.

தூரமும் முக்கியம். 8 முதல் 10 மீட்டர் தள்ளி நின்று இரு மடங்கு பெரிதாகக் காட்டும் (2x) லென்ஸில் எடுப்பது, 3 மீட்டரில் நின்று அகல லென்ஸில் எடுப்பதைவிடப் பல மடங்கு நம்பகமானது. அகல லென்ஸ் ஓரங்களில் உடலை இழுத்து வளைக்கும். உயரம், அளக்கப் போகும் அசைவின் நடுவில் இருக்கட்டும். வால்டில் மேசையின் உயரம் பெண்களுக்கு 125 செ.மீ., ஆண்களுக்கு 135 செ.மீ. அதையொட்டி லென்ஸை வைக்கலாம். உயர் பார் 250 செ.மீ.யில் இருப்பதால் தரையிலிருந்து அண்ணாந்து எடுக்கும் படத்தில் ஹேண்ட்ஸ்டேண்டின் கோணம் நம்பத் தக்கதல்ல. மாடிப்படியின் கைப்பிடியிலோ சுவரிலோ கிளாம்ப் போட்டு உயர்த்துங்கள். இடம் குறுகிய கூடமாக இருந்தால், பாரின் நீட்சிக்கோடு கூடத்தின் நீளவாக்கில் அமையும்படி கருவியையே திருப்பிப் போடுவது ஒரு நாள் வேலை. அதன் பலன் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

முக்காலி இரண்டு மூன்று பாகை சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, அளவில் தெரியும். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றைப் பாருக்கு அருகே தொங்கவிட்டு முதலில் இரண்டு நொடி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கோணத்தைத் திரையின் ஓரத்திலிருந்து அளக்காமல் அந்த நூலிலிருந்து அளக்கலாம். முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரையில் நிற நாடா ஒட்டி, லென்ஸ் உயரத்தையும் எழுதி வைத்தால்தான் அடுத்த மாதப் படத்தை இந்த மாதப் படத்தோடு ஒப்பிட முடியும். தரையிறங்கும் மெத்தைக்குப் பக்கத்திலும் ஓடுபாதைக்குப் பக்கத்திலும் முக்காலி நிற்கவே கூடாது. தடுமாறி இரண்டடி எடுத்து வைக்கும் பிள்ளையின் கால் முதலில் தேடிப் போவது அதைத்தான். கம்பிகளைச் சுவரோரமாகக் கொண்டு போய் நாடா ஒட்டி மூடுங்கள்.

ஒரு வால்டைப் பின்னோக்கிப் படிப்பது

பத்து வயதுப் பிள்ளை ஹேண்ட்ஸ்பிரிங் வால்ட் (மேசையில் கை ஊன்றி முன்னோக்கிப் புரண்டு காலில் இறங்குவது) செய்கிறாள். தரையிறங்கும்போது பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறாள். "கையால நல்லாத் தள்ளு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. 240 பிரேமில் பக்கவாட்டில் எடுத்த படத்தை இப்போது கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி ஒவ்வொரு தொடுகையாக நிறுத்திப் பார்ப்போம்.

தரையிறக்கத்தில் பாதம் உடலுக்கு வெகு முன்னால் இருக்கிறது, இடுப்பு தாழ்ந்திருக்கிறது. சுழற்சி போதவில்லை, உயரமும் போதவில்லை. இங்கே சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய தொடுகை, மேசை. கை தொட்ட பிரேமிலிருந்து கை விட்ட பிரேம் வரை எண்ணினால் 72 வருகிறது, அதாவது 0.3 நொடி. ரொம்ப நேரம். கை விடும்போது உடல் செங்குத்தைத் தாண்டிவிட்டது. அந்த நிலையில் எவ்வளவு தள்ளினாலும் அது உயரத்துக்கு அதிகம் உதவாது. பிள்ளை தள்ளாமல் இல்லை, தள்ளும் நேரம் கடந்துவிட்டது.

ஏன் அவ்வளவு நேரம் மேசையில் தங்கினாள்? போர்டுக்கும் மேசைக்கும் இடையே பறந்த படங்களில் இடுப்பு மடிந்து, குதிகால் மெதுவாக மேலே வருகிறது. இந்தச் சுழற்சியும் போர்டை விட்ட கணத்தில் முடிவானதுதான். போர்டில் பாதம் தொட்ட பிரேமைப் பாருங்கள். பாதம் இடுப்புக்கு முன்னால் விழுந்து, ஓட்டத்தின் வேகத்தைத் தடுத்து மேல்நோக்கித் திருப்ப வேண்டும். இவளுக்கு இடுப்பு ஏற்கெனவே பாதத்துக்கு நேர் மேலே வந்துவிட்டது, தோள் அதற்கும் முன்னால் சாய்ந்திருக்கிறது. பாதம் விழுந்த இடமும் போர்டின் துள்ளல் நன்றாகக் கிடைக்கும் பகுதிக்குப் பின்னால். இதற்கும் முன்னே போனால், கடைசி மூன்று அடிகள் சுருங்கிச் சுருங்கி வருகின்றன. போர்டு கிட்டே வந்துவிட்டதென்று தெரிந்து, கால் பொருந்துவதற்காக அவள் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறாள்.

ஓட்ட வேகத்தை அளக்க லேசர் வாயில் இல்லாத கூடங்கள் இப்படிச் செய்யலாம். போர்டின் முன்விளிம்பிலிருந்து 8, 6, 4 மீட்டரில் ஓடுபாதையின் நடுக்கோட்டில் ஒரு குச்சியை நட்டுவைத்து ஒவ்வொன்றையும் ஒரு நொடி படமெடுத்துவிட்டு எடுத்துவிடுங்கள். பாதையோரம் ஒட்டிய நாடாவை நம்பினால் கேமரா கோணத்தால் கோடு நகர்ந்து தெரியும். நடுக்கோட்டில் எடுத்த குச்சிப் படம் அந்தப் பிழையைத் தவிர்க்கும். 120 பிரேமில் 8-இலிருந்து 6-க்கு வர 40 பிரேம் என்றால் நொடிக்கு 6 மீட்டர். 6-இலிருந்து 4-க்கு வர 44 பிரேம் என்றால் 5.45. வேகம் கூட வேண்டிய இடத்தில் குறைந்திருக்கிறது. ஒரு பிரேம் பிழை இரண்டரை விழுக்காடுதான், ஆகவே இந்த வேறுபாடு உண்மையானது.

ஓட்டத்தின் தொடக்கக் குறியை அரை அடி, ஓர் அடி என்று நகர்த்திப் பார்த்து, கால் தானாகப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்துப் புதிய குறி போடுவதுதான் முதல் சிகிச்சை. உயரம் வளரும் வயதில் அடி நீளம் மாறிக்கொண்டே இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் சரிபார்க்க வேண்டும். பாதம் இடுப்புக்கு முன்னால் விழும் பழக்கத்துக்கு மேசை இல்லாமலே போர்டும் மெத்தையும் வைத்துத் தனிப் பயிற்சி கொடுக்கலாம். "கையால் தள்ளு" என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பின்னோக்கிய வாசிப்பு எல்லாக் கருவிக்கும் பொருந்தும். பேக் டக்கில் தரையில் கை ஊன்றும் பிள்ளையின் படத்தைத் தரையிறக்கத்தில் நிறுத்தாமல், கால்விரல் தரையை விடும் பிரேமில் நிறுத்துங்கள். கை காதோரம் இருக்கிறதா, உடல் நீண்டிருக்கிறதா, தலை அதற்குள் பின்னே விழுந்துவிட்டதா? தலையை முன்கூட்டியே எறிந்தால் தோள் தாழ்ந்து உயரம் போய்விடும். பிள்ளை தான் மேலே குதித்ததாகவே உறுதியாக நம்புவாள். அந்த ஒரு படம் போதும், முழுக் காணொளி வேண்டாம்.

எப்போது காட்டுவது, எத்தனை முறை காட்டுவது

வகுப்பில் பெரிதும் உதவுவது தாமதத் திரை. கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், திரை சில நொடி பின்தங்கிக் காட்டும். பயிற்றுநர் எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம், இரு கையும் ஸ்பாட்டிங்குக்கு (பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதற்கு) மிச்சம். டேப்லெட்டில் இதற்கான செயலிகள் பல இருக்கின்றன. கணினியில் கினோவியா என்ற இலவச மென்பொருளிலேயே இந்த வசதி உண்டு. வால்டில் ஓட்டம் 4 நொடி, இறங்கி நடந்து வர 12 முதல் 15 நொடி, ஆக 20 நொடித் தாமதம் பொருந்தும். பாரில் ஒரு தனி அசைவுக்கும் அதே அளவு போதும். பீமில் முழுத் தொகுப்பு 90 நொடி வரை போகலாம், அதைத் தாமதத் திரையில் காட்டினால் வரிசை நின்றுவிடும், பதிவு செய்துகொள்வதே மேல். திரை, பிள்ளை வரிசைக்குத் திரும்பும் வழியில், கண் மட்டத்தில் இருக்கட்டும். நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒவ்வொரு முறையும் பார்க்க விடுவது கெடுதல் என்று நாங்கள் கருதுகிறோம். 1984-இல் சல்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் எழுதிய ஆய்வுத் தொகுப்பிலிருந்து இயக்கக் கற்றல் துறையில் பேசப்பட்டு வரும் விஷயம் இது. வெளியிலிருந்து ஓயாமல் பின்னூட்டம் வந்தால், அது இருக்கும்வரை செயல் நன்றாகத் தெரியும், எடுத்துவிட்டால் சரிந்துவிடும். பிள்ளை தன் உடல் சொல்வதைக் கேட்பதை விட்டுத் திரையை நம்பத் தொடங்குகிறாள். போட்டியில் திரை கிடையாது. ஆகவே மூன்று முறைக்கு ஒரு முறை காட்டலாம், அல்லது பிள்ளை கேட்கும்போது காட்டலாம். பார்க்கும் முன், "போர்டுல உன் இடுப்பு எங்க இருந்துச்சு?" என்று கேட்டுவிடுங்கள். அவள் சொன்ன பதிலும் படமும் நெருங்கி வருவதுதான் அவள் கற்றுக்கொண்டதற்கு அடையாளம். ஒரு முறைக்கு ஒரு கேள்வி, ஒரு திருத்தம். திரையில் ஐந்து பிழை தெரிந்தாலும் வாயில் ஒன்றுதான் வர வேண்டும்.

தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகக் களமிறங்கிய ஃபாரா ஆன் அப்துல் ஹாடியின் காணொளியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டச் சொல்லும் பிள்ளைகள் நிறைய. ஊக்கத்துக்கு நல்லது, காட்டுங்கள். அளவுகோலாக வைக்காதீர்கள். வளர்ந்த வீராங்கனையின் உடல் நீளம், வலிமை, அவர் நின்ற தளத்தின் துள்ளல் எல்லாமே வேறு. பிள்ளையின் சொந்தச் சிறந்த முயற்சியை ஒரு பக்கமும் இன்றைய முயற்சியை இன்னொரு பக்கமும் வைத்தால்தான் எதை மாற்ற வேண்டும் என்பது துலங்கும்.

பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் திரையில் அசைவைப் பார்க்கும் முன் தங்கள் உடலைப் பார்க்கிறார்கள். தொடை, வயிறு, எடை பற்றி ஒரு சொல்கூட அந்தத் திரை முன்னால் யாரும் சொல்லக் கூடாது, விளையாட்டாகவும்கூட. பேச்சு மூட்டு, கோணம், நேரம் இவற்றைப் பற்றி மட்டும் இருக்கட்டும். இந்த விளையாட்டில் உணவுப் பழக்கச் சீர்குலைவு எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தியிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும்

பலருக்குப் பழகிப்போன, காணொளியை அலசும் கோச்சஸ் ஐ செயலி 2022-இல் நிறுத்தப்பட்டது. அதற்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் காணொளிகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவற்றை வெளியே எடுக்க அலைய வேண்டியதாயிற்று. எந்தச் செயலியானாலும் மூலக் கோப்பு உங்கள் வன்தட்டில் இருக்க வேண்டும். டார்ட்ஃபிஷ் போன்ற கட்டணத் தொகுப்புகள் பெரிய மையங்களுக்கு உரியவை. தேசிய அணிக்கு புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயோமெக்கானிக்ஸ் பிரிவு இருக்கிறது. அக்கம்பக்கத்து கிளப்புக்குக் கினோவியா போதும்.

கினோவியாவில் அடிக்கடி நேரும் ஒரு தவறு: 240 பிரேமில் எடுத்த ஸ்லோமோஷன் கோப்பு, நொடிக்கு 30 பிரேமாக ஓடும்படி சேமிக்கப்பட்டிருக்கும். மென்பொருளுக்கு உண்மையான பதிவு வேகத்தைச் சொல்லாவிட்டால் அது காட்டும் நேரம் எட்டு மடங்கு நீண்டிருக்கும். போர்டுத் தொடுகை 1 நொடி என்று வந்தால் இதுதான் காரணம். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அளக்காதீர்கள். சுருக்கும்போது பிரேம்கள் உதிர்ந்துவிடும். கேபிள் வழியாகவோ கிளவுட் வழியாகவோ மூலக் கோப்பையே மாற்றுங்கள். 240 பிரேம் படம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி தின்னும், ஆகவே ஒரு முயற்சிக்கு எட்டு நொடிக்கு மேல் பதிவு வேண்டாம். கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் தூள் கைப்பேசியின் மின்னேற்றுத் துளையில் அடைத்துக்கொள்ளும், லென்ஸில் படிந்து படத்தை மங்கச் செய்யும். வகுப்புக்கு முன் மென்துணியால் துடைப்பது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து நேராகப் புழுக்கமான கூடத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோத்துவிடும், பத்து நிமிடம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

உடலின் மூட்டுகளைத் தானாகக் கண்டுபிடித்துக் குச்சி உருவம் வரையும் செயலிகள் இப்போது கைப்பேசியிலேயே ஓடுகின்றன. கூகுளின் மீடியாபைப் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. இவை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும், நடக்கும் மனிதர்களின் படங்களால் பழக்கப்பட்டவை. தலைகீழாகத் தொங்கும், சுருண்டிருக்கும், ட்விஸ்டில் சுழலும் உடலில் இடது காலையும் வலது காலையும் மாற்றிவிடும், மறைந்த மூட்டை ஊகித்து வைக்கும். திரையில் வரும் எண் தசமப் புள்ளியோடு இருப்பதால் துல்லியமாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. நிலையான ஹேண்ட்ஸ்டேண்ட், தாவலின் உச்சி இவற்றுக்குப் பயன்படுத்தலாம், அதையும் கையால் ஒரு முறை அளந்து சரிபார்த்துவிட்டு.

உலக மட்டத்தில் ஃபுஜிட்சு நிறுவனமும் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பும் உருவாக்கிய நடுவர் உதவி அமைப்பு 2019-இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் சில கருவிகளில் அறிமுகமாகி, 2023-இல் ஆன்ட்வெர்ப்பில் பத்துக் கருவிகளுக்கும் வந்தது. பல கோணத்திலிருந்து உடலை முப்பரிமாணமாகப் படிக்கும் அமைப்பு அது. ஒற்றைக் கைப்பேசி தரும் அளவோடு அதை ஒப்பிட முடியாது. ஆனாலும் 10 பாகைக்கும் 12 பாகைக்கும் உள்ள வேறுபாட்டை இயந்திரம் பார்க்கும் காலம் வந்துவிட்டதால், பயிற்சிக் கூடத்தில் கேமராவை மூலையில் வைப்பது இனி கட்டுப்படியாகாது.

யாருடைய படம், யாரிடம் இருக்கும்

லியோடார்ட் அணிந்த சிறுபிள்ளைகளின் ஸ்லோமோஷன் படம் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை எல்லாக் கூடங்களும் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். கட்டணம் வாங்கி நடத்தும் கூடத்துக்கு 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு கடமையைச் சுமத்துகிறது. சிறார்களின் பாலியல் பாதுகாப்புக்கென 2017-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பதிவு செய்யும் கருவி கிளப்பின் சொத்தாக இருக்க வேண்டும், பயிற்றுநரின் சொந்தக் கைப்பேசியாக இருக்கக் கூடாது. சேர்க்கைப் படிவத்திலேயே எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று எழுதிப் பெற்றோரின் கையெழுத்து வாங்குங்கள். படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்கு வேறு தனிக் கையெழுத்து. மறுத்தால் பிள்ளைக்குப் பயிற்சியில் எந்தக் குறையும் வரக் கூடாது. பின்னாலிருந்து தாழ்வாக எடுக்கும் கோணம் பயிற்சிக்குத் தேவைப்படுவது மிக அரிது, ஆகவே வேண்டாம். கோப்பின் பெயரில் முழுப் பெயர் வேண்டாம், தேதியும் கருவியும் ஓர் எண்ணும் போதும்.

பெற்றோர் பார்வையாளர் பெஞ்சிலிருந்து எடுக்கும் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது நடக்கத்தான் செய்யும். பின்னால் மற்றப் பிள்ளைகள் தெரியாதபடி எடுக்கச் சொல்லலாம். அதைவிட முக்கியம், அந்தப் படத்தைப் பார்த்து வீட்டு வரவேற்பறையின் டைல் தரையில் டக் பழக விடாதீர்கள் என்று சொல்வது. வீட்டில் பழக வேண்டுமானால் சுவரோரம் ஹேண்ட்ஸ்டேண்ட் பழகட்டும். அப்பாவோ அம்மாவோ பக்கவாட்டில், பிள்ளையின் இடுப்பு உயரத்தில், முழு உடலும் படத்தில் அடங்கும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்து பத்து நொடி எடுத்தால், தோள் மடிகிறதா, விலா முன்னே பிதுங்குகிறதா என்பது அடுத்த வகுப்பில் பயிற்றுநருக்கு நன்றாகவே தெரியும்.